உவர் நிலமும் விதையின் குணமும்

(கூட்டுறவு சங்க அங்கத்தினருக்குச் செய்த பிரசங்கம்)



ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் செல்லும் சாலையில் நின்று மேற்கே நோக்கினால் மலை. கிழக்கே நோக்கினால் கரிசல். மலையடிவாரத் தோப்புக் கிணறுகளில் பொதுவாக நல்ல தண்ணீர். கிழக்கே செல்லச் செல்லப் பல கிணறுகளில் நீர் உவர்க்கிறது. அந்நீர் பாய்ந்த நிலத்தில் கோடைக் காலத்தில் வெள்ளை பூக்கிறது. ஒரே உவர்க்கிணற்று நீரைக் குடித்துத் தென்னை தழைத்து நிற்க, அதன் பக்கத்தில் வைத்த மாங்கன்று இலை நுனி கருகிப் பட்டுப்போவதைக் குடியானவர் பலர் கண்டிருப்பர். மண் ஒன்று, நீர் ஒன்று. மரம் மட்டும் வேறு. இதற்குக் காரணம் யாது?

காரணம் விதைக்குள் இருக்கிறது. இதனை அறிவது கல்விப் பெருமைக்காக அன்று. சங்கத்தில் பயிர்க்கடன் பெற்று, தம் நிலத்துக்கு ஒவ்வாத விதையை வாங்கி விதைத்தவருக்குப் பயிர் போகிறது, கடன் நிற்கிறது. அக்கடன் தவணை தவறினால் அவர் குடும்பத்தோடு சங்கமும் சுமை தாங்க நேர்கிறது. ஆகையால் இது ஒவ்வோர் அங்கத்தினரும் கருத வேண்டிய விஷயமாகும்.

உப்பு செய்யும் கேடு

உப்பு பயிருக்கு இரு வகையில் கேடு செய்கிறது. நறுக்கிய மாங்காயில் உப்பிட்டால் அது நீர் விடுவதை அடுக்களையில் யாவரும் கண்டிருக்கின்றனர். உப்புக்கு நீரை இழுக்கும் குணம் உண்டு. நிலத்தில் உப்பு மிகுந்தால் ஈரம் இருந்தும் வேரினால் அதை உறிஞ்ச முடிவதில்லை. பயிர் தண்ணீருக்குள் நின்றே தாகத்தால் வாடுகிறது. இது முதற்கேடு. உப்பிலுள்ள சோடியம் என்னும் வஸ்து வேர் வழியே ஏறி இலையில் சேர்ந்து, அங்கே பொட்டாசியம் செய்ய வேண்டிய வேலைகளைக் கெடுக்கிறது. இது இரண்டாங்கேடு. முதிர்ந்த இலைகள் முதலிற் கருகுவது இதனாலேயாம்.

பயிரின் உபவிதிகள்

சங்கம் எவ்வாறு நடைபெற வேண்டும் என்பது அதன் உபவிதிகளில் எழுதப்பட்டிருக்கிறது. அதுபோலவே, ஒரு செடி எவ்வாறு வளர வேண்டும் என்பது அதன் ஒவ்வோர் உயிரணுவிலும் உள்ள குரோமசோம் என்னும் நுண்ணிய இழைகளில் அமைந்திருக்கிறது. அவ்விதிகளில் ஒவ்வொன்றையும் ஜீன் என்பர். உப்பைத் தாங்கும் செடிகளில் மூன்று வகையான விதிகள் முக்கியமானவை.

முதலாவது, நுழைந்த சோடியத்தை வேரிலேயே வெளித்தள்ளுவது. கடுகு இனத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு களைச்செடியை ஆராய்ந்த அமெரிக்க சாஸ்திரக்ஞர்கள், 2000ஆம் ஆண்டில் இவ்வேலையைச் செய்யும் எஸ்.ஓ.எஸ். 1 என்னும் ஜீனைப் பிரித்தறிந்தனர். இரண்டாவது, தண்டு வழியே ஏறும் நீரிலிருந்து சோடியத்தைத் திரும்பப் பெற்று, இலைக்குச் செல்லாமல் தடுப்பது. மூன்றாவது, இலைக்கு வந்துவிட்ட சோடியத்தை உயிரணுவின் நடுவிலுள்ள பை போன்ற அறையில் ஒதுக்கி அடைத்துவைப்பது. கடற்கரை உவரில் வளரும் உமரிச் செடி கொழுத்த இலைகளோடு வாழ்வது இம்மூன்றாம் உபாயத்தாலாம்.

பொக்காளி நெல்

கேரளத்தில் எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர்க் கடலோரங்களில் கடல்நீர் ஏறியிறங்கும் வயல்களில் பொக்காளி என்னும் நெல்லை நெடுங்காலமாகப் பயிரிடுகின்றனர். அது உயர்ந்து வளர்ந்து சாய்ந்துவிடும்; மகசூலும் குறைவு. ஆயினும் உவரைத் தாங்கும். நெல்லுக்குள்ள 12 குரோமசோம் இணைகளில் முதலாவதில் இக்குணத்தின் ஒரு பெரும்பகுதி அடங்கியிருப்பதைக் கண்டு, அப்பகுதிக்கு ‘சால்டால்’ என்று பெயரிட்டனர். வங்காளத்து நோனா போக்ரா என்னும் மற்றோர் உவர் நெல்லிலிருந்து, சோடியத்தை வழியில் தடுக்கும் ஜீனைச் சீன சாஸ்திரக்ஞர்கள் 2005இல் பிரித்தறிந்தனர். அதுவும் முதற் குரோமசோமிலேயே, அதே பகுதியில் உள்ளது.

இதனால் என்ன அனுகூலம்? முன்னாளில் பொக்காளியை நல்ல நெல்லோடு ஒட்டுச்சேர்த்தால், எந்த நாற்று உவர் தாங்கும் என்று அறிய ஒவ்வொரு தலைமுறையையும் உப்பில் வளர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. இப்பொழுது நாற்றின் இலைத் துணுக்கொன்றைச் சோதித்து, வேண்டிய பகுதி வந்திருக்கிறதா என்று கண்டு, வந்ததை மட்டும் வைத்துக்கொள்ளலாம். சாயும் குணமும் குறைந்த மகசூலும் விலக்கப்படுகின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வெள்ளைப் பொன்னியின் மேம்பட்ட ரகத்தில் இம்முறையைக் கையாண்டிருக்கின்றனர். திருச்சிராப்பள்ளியில் உண்டான டி.ஆர்.ஒய். ரக நெற்களும் உவர், களர் நிலங்களைக் கருதியே வெளியிடப்பட்டவை.

பருத்தியின் பொறுமை

ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பருத்தி ஆராய்ச்சி நிலையம் உள்ளது, எஸ்.வி.பி.ஆர். என்று தொடங்கும் ரகங்கள் இவ்வூரின் பெயரையே தாங்கியவை. அப்பருத்தி, உவர் தாங்கும் பயிர்களில் முன்வரிசையில் நிற்பதாகும். மண்ணின் உப்பை அதன் ஈரத்தின் மின்கடத்தும் திறனைக்கொண்டு அளப்பர். அளவின் பெயர் டெசிசீமன்ஸ். மீட்டருக்கு 4க்கு மேற்பட்டது உவர் நிலம். நெல் 3 வரையில் தாங்கும். அதற்குமேல் ஏறும் ஒவ்வோர் அளவுக்கும் நூற்றுக்கு 12 பங்கு மகசூல் குறையும். வெங்காயம் 1.2 வரையில்தான் தாங்கும். அப்பால் ஒவ்வோர் அளவுக்கும் 16 பங்கு குறையும். பருத்தியோ 7.7 வரையில் தாங்கி, அப்பால் 5 பங்கு அளவிலேயே குறையும். ஆகவே 6 அளவுள்ள நிலத்தில் வெங்காயம் முக்கால் பங்குக்கு மேல் அழியும். நெல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். பருத்திக்கு நஷ்டம் இல்லை.

பருத்தியின் இப்பொறுமை ஒரு ஜீனின் வேலை அன்று. பல ஜீன்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து செய்யும் கூட்டுறவு வேலையாகும்.

எல்லையை மறவாமை

ஆயினும் விதையொன்றை நம்பி மண்ணை மறத்தல் தகாது. நெல்லின் சால்டால் பகுதி நாற்றுப் பருவத்தில் பெரிதும் காக்கும். பூக்கும் பருவத்தைக் காக்க வேறு ஜீன்கள் வேண்டும். பருத்தியும் முளைக்கும் காலத்தில் மென்மையானதே. பாரின் உச்சியில் உப்பு சேருமாதலால், விதையைப் பக்கச் சரிவில் ஊன்றுதல் நன்று. 2001இல் உயிரணுவின் அறையில் உப்பை அடைக்கும் ஜீனை மிகுதியாக வேலை செய்யவைத்து ஒரு தக்காளியை உண்டாக்கினர். அது கண்ணாடி வீட்டில் உப்பு நீரில் வளர்ந்து காய்த்தது. குடியானவர் வயலில் அது நிலைபெறவில்லை.

உவர் வேறு, களர் வேறு. உவர் நிலத்துக்கு நல்ல நீரால் உப்பைக் கரைத்து வடிகாலில் விடுவதே மருந்து. களர் நிலத்துக்கு ஜிப்சம் இட்டு, நீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும். ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்கு இடுவது வீண் செலவு.

செய்ய வேண்டியவை

கடன் மனு எழுதுமுன் மண்ணையும் நீரையும் சோதித்தல் வேண்டும். வயலில் பத்து இடங்களில் அரையடி ஆழம் தோண்டி மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோ அனுப்புக. கிணற்றில் அரைமணி நேரம் நீர் இறைத்தபின் ஒரு லிட்டர் பிடிக்குக. மண் பரிசோதனை நிலையத்தார் ஒரு பங்கு மண்ணில் இரண்டு பங்கு நீர் கலந்து அளந்திருந்தால் எண் குறைந்து காணும். மேலே கூறிய எண்களோடு அதை ஒப்பிடலாகாது. எம்முறையில் அளந்தது என்பதைக் கேட்டறிந்து, அதற்கேற்ற பயிரையும் ரகத்தையும் அவர்களிடமே உசாவுதல் நலம்.

ஒரே ஓடைக்கரையில் நிலமுள்ள அங்கத்தினர் சேர்ந்து வடிகால் வெட்டினால் செலவு பகிரப்படும். ஒருவர் மட்டும் வெட்டினால் அவர் வடித்த உப்பு அடுத்தவர் வயலில் தங்கும். விதை தாங்கும் அளவுக்கு விதை தாங்கட்டும். அதற்கு மேற்பட்டதைச் சங்கத்தார் ஒன்றுகூடித் தாங்க வேண்டும்.