ஆகாய விமானத்தில் அமுக்கம் குறைந்தால்



ஆகாய விமானத்திற் பயணஞ் செய்தோர் யாவரும் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். விமானம் புறப்படுமுன் பணிப்பெண் ஒருவர் மஞ்சள் நிறச் சுவாசக் கவசமொன்றைக் கையிலேந்தி, அதனை அணியும் முறையைக் காட்டுவார். முதலில் உங்கள் கவசத்தை அணிந்துகொண்டு, அதன் பின்னரே பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்றுங் கூறுவார். பெற்ற பிள்ளை அருகிலிருக்கத் தன்னை முதலிற் காத்துக்கொள்வது தாயின் இயல்புக்கு மாறானதன்றோ? இவ்விதியின் பின்னே நிற்கும் நியாயம் யாது என்பதை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் ஒட்சிசன் உளது. விமானங்கள் பறக்கும் உயரத்திலும் இவ்விகிதம் மாறுவதில்லை. ஆயின், காற்றின் அமுக்கம் குறைந்துவிடுகின்றது. 18,000 அடி உயரத்தில் அது கடல் மட்டத்திலுள்ளதிற் பாதியளவினது. 35,000 அடியிற் காற்பங்கிலுங் குறைவு. அமுக்கம் குறையவே, நுரையீரலிலிருந்து இரத்தத்துட் புகும் ஒட்சிசனும் குறைகின்றது. இக்குறையை நீக்குதற் பொருட்டு, பெரும்பாலான விமானங்களில் இயந்திரங்கள் அமுக்கித் தருங் காற்றின் ஒரு பகுதியை உள்ளே செலுத்தி, வால்வு ஒன்றின் வழியே அளவாக வெளியேற்றுகின்றனர். இதனால், விமானம் 35,000 அடியிற் பறப்பினும், உள்ளே 8,000 அடிக்கு மேற்படாத உயரத்துக்குரிய அமுக்கமே நிலவுகின்றது. நம் நாட்டுப் பிதுருதலாகல மலையுச்சியிலுள்ள காற்றுக்கு இது ஏறக்குறைய ஒப்பானது எனலாம்.

இவ்வேற்பாடு பழுதுற்றால் நேரும் ஆபத்து விசித்திரமானது. பிற ஆபத்துகள் வரும்பொழுது உடல் நோவும், உள்ளம் அஞ்சும். ஒட்சிசன் குறைவோ வலியின்றி வருவது. ஆபத்தை உணரவேண்டிய மூளையையே அது முதலில் மயக்கிவிடுகின்றது. 1875ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆந் திகதி, பிரான்சு தேசத்தில் செனித் என்னும் பலூனில் மூவர் வானில் ஏறினர். ஒட்சிசன் கலந்த வாயு நிரம்பிய பைகள் அவர்களின் அருகிலேயே இருந்தன. ஆயினும், வேண்டிய வேளையில் அவற்றைப் பற்றக் கை எழவில்லை. இருவர் மாண்டனர். உயிர் தப்பிய கஸ்தோன் திசாந்தியே என்பார், அவ்வேளையில் துன்பமேதும் தோன்றவில்லையென்றும், உள்ளத்தில் ஒருவித மகிழ்ச்சியே நிறைந்ததென்றும் பின்னர் எழுதினார்.

35,000 அடி உயரத்தில் அமுக்கம் முற்றாக நீங்குமாயின், மனிதன் தெளிவுடன் செயலாற்றக்கூடிய காலம் 30 முதல் 60 செக்கன் வரையே என விமான மருத்துவ நூல்கள் கூறுகின்றன. மூச்சு அதற்குப் பின்னும் ஓடலாம், சிந்தனை ஓடாது.

2005ஆம் ஆண்டு ஓகஸ்ட் 14ஆந் திகதி சைப்பிரஸ் தீவின் லார்னக்கா நகரிலிருந்து அதென்ஸ் நோக்கிப் புறப்பட்ட ஹீலியோஸ் விமானத்தின் கதை இதற்குத் துயரமானதொரு சான்று. அமுக்கத்தைச் சீராக்கும் கருவியின் ஆளி, தானே இயங்கும் நிலையில் வைக்கப்படாமல், கையால் இயக்கும் நிலையில் விடப்பட்டிருந்தது. மேலேறும்போது எச்சரிக்கை ஊதி ஒலித்தது. தரையிற் புறப்படும் வேளையில் வேறொரு குறையை அறிவிப்பதற்கும் அதே ஒலியே அமைந்திருந்தமையால், விமானிகள் அதனைத் தவறாகப் பொருள் கொண்டனர். கவசம் அணியாமலே காரணத்தைத் தேடினர். தேடும் அறிவே மங்கிப்போயிற்று. தானியங்கிக் கருவி விமானத்தை 34,000 அடிக்கு உயர்த்தி, அதென்ஸ் வரை கொண்டு சென்றது. எரிபொருள் தீரவே அது மலைச்சாரலில் வீழ்ந்தது. அதிலிருந்த 121 பேரும் மாண்டனர்.

இனி, மற்றொரு நிகழ்ச்சியை நோக்குவோம். 2008ஆம் ஆண்டு யூலை 25ஆந் திகதி ஹொங்கொங்கிலிருந்து மெல்பேண் நோக்கிச் சென்ற குவாண்டஸ் விமானத்தில், 29,000 அடி உயரத்தில், ஒட்சிசன் உருளையொன்று வெடித்து விமானத்தின் பக்கத்தைத் துளைத்தது. அமுக்கம் விரைந்து குறைந்தது. விமானிகள் தம் கவசங்களை அணிந்தனர். விமானத்தை 10,000 அடிக்கு இறக்கினர். மணிலா நகரிற் பத்திரமாகத் தரையிறங்கினர். அதிலிருந்த 365 பேரில் ஒருவருக்கேனுங் காயமில்லை.

முன்னைய விமானத்தின் உடலில் துளையேதுமில்லை, பின்னையதிலோ பெருந்துளை. ஆயினும் பின்னையதே தப்பியது. விமானிகள் பயிலும் ஒழுங்கு முறையின் பயன் இதுவே. முதலிற் கவசம், அதற்குப் பின்னரே ஆராய்ச்சி. அக்கவசம் ஒரு கையாலேயே ஐந்து செக்கனுள் அணியத்தக்கதாய் அமைந்துளது. அதன்பின், இயந்திர வேகத்தைக் குறைத்து, இறக்கையிலுள்ள தடுப்புத் தகடுகளை உயர்த்தி, மலைகள் இல்லாத இடமாயின் 10,000 அடிக்கு விரைவாக இறங்குவர். கீழேயுள்ள கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் அறிவிப்பர்.

பிரயாணிகளுக்கு இவ்விறக்கம் அச்சமூட்டலாம். திடீரென அமுக்கம் குறையின் பேரொலி எழும், குளிர் பரவும், மூடுபனி போன்ற புகார் தோன்றும். அதனைப் புகையென எண்ணிக் கலங்குதல் வேண்டா. மூச்சை அடக்குதலும் ஆகாது. உள்ளமுக்கம் ஏறத்தாழ 14,000 அடிக்குரிய அளவுக்குக் குறைந்ததும் கவசங்கள் தலைக்கு மேலிருந்து தாமே தொங்கும். கவசத்தைக் கீழ்நோக்கி இழுத்தாற்றான் ஒட்சிசன் பாயும். அதனோடிணைந்த பை உப்பாதிருப்பினும் வாயு வந்துகொண்டேயிருக்கும். பெரும்பாலான விமானங்களில் அது பன்னிரண்டு நிமிஷங்களுக்குக் குறையாது கிடைக்கும். விமானம் பாதுகாப்பான உயரத்துக்கு இறங்க அக்காலம் போதுமானது.

இப்பொழுது அந்தத் தாயின் நிலையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்குக் கவசம் அணிவிக்க முயலுகையில் தாய் மயங்குவாளாயின், இருவருக்கும் உதவுவார் இல்லை. அவள் முதலில் தான் அணிந்துகொண்டால், அதற்குட் பிள்ளை சிறிது மயங்கினும், உடனே கவசம் அணிவித்துத் தெளிவிக்கலாம். ஆகவே, தன்னை முதலிற் காத்தல் இங்கே தன்னலமாகாது. பிள்ளையைக் காக்கும் வழியும் அதுவே.

ஆபத்து வந்தபின் இதனை ஆராய்ந்து துணிய மூளை இடந்தராது. தெளிவோடு இருக்கும்போதே துணிந்துகொள்ளல் வேண்டும். பணிப்பெண் கவசத்தைக் கையிலேந்தி நிற்கும் அந்த ஒரு நிமிஷமே அதற்குரிய காலம். அடுத்த முறை விமானத்தில் அமரும்போது, பத்திரிகையைச் சற்றே மடித்து வைத்து, அவர் காட்டுவதைக் கவனியுங்கள்.