கருவி நம்முடையது, உள்ளே ஓடும் மென்பொருள் யாருடையது?

(அம்பத்தூரில் சிறுதொழில் முனைவோருக்கும் பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அம்பத்தூர் எஸ்டேட் 1960-களில் தொடங்கியபோது இங்கே லேத், பிரஸ், டை இதுதான் பேச்சு. இன்றைக்கு அதே ஷெட்டுகளில் பம்ப் கன்ட்ரோலர் செய்கிறோம், எனர்ஜி மீட்டர் செய்கிறோம், கேமரா வைத்த சோதனைக் கருவி செய்கிறோம். பெட்டியைத் திறந்தால் உள்ளங்கை அளவு போர்டு ஒன்று இருக்கும். கொஞ்சம் பெரிய வேலை செய்கிற போர்டு என்றால் அதில் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ். உங்கள் வீட்டு வைஃபை பெட்டியிலும் அநேகமாக அதுதான்.

அந்த லினக்ஸ் உங்கள் கைக்கு எப்படி வந்தது? போர்டு விற்றவர் ஒரு எஸ்டி கார்டு இமேஜ் கொடுத்திருப்பார். அதைக் காப்பி போட்டு, மேலே நம்ம புரோகிராமை ஏற்றி, பில் போட்டு அனுப்பிவிடுகிறோம். இது கடை மாவு வாங்கி இட்லிக் கடை நடத்துவது மாதிரி. மாவுக் கடைக்காரர் கடையை மூடினால் நாமும் மூட வேண்டியதுதான். அந்தச் சிப் உற்பத்தி நின்று போய், விற்றவர் அடுத்த மாடலுக்குப் போய்விட்டால், பழைய இமேஜில் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டையை அடைக்க ஆளே இருக்காது. நல்ல நிலையில் இருக்கிற கருவி குப்பைக்குப் போகும்.

மாவை நாமே அரைக்கலாம். அதற்கான கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் பில்ட்ரூட். 2001 வாக்கில் தொடங்கியது, இப்போது 3 மாதத்துக்கு ஒரு வெளியீடு வருகிறது. சாதாரண லினக்ஸ் கம்ப்யூட்டரில் திறந்தால் ஒரு மெனு வரும். எந்த புராசஸர், எந்தக் கர்னல், என்னென்ன புரோகிராம் வேண்டும் என்று டிக் செய்துவிட்டு, 'மேக்' என்று தட்டி என்டர் போடுங்க. அந்தச் சிப்புக்கான கம்பைலர், கருவியை எழுப்பும் பூட்லோடர், கர்னல், கோப்புகள் எல்லாவற்றையும் மூலநிரலில் இருந்து அதுவே கட்டித் தரும். நீங்கள் தேர்ந்தெடுத்தது அத்தனையும் சில பத்து வரி கொண்ட ஒரு சின்ன டெக்ஸ்ட் கோப்பாக இருக்கும். அந்தக் கோப்பு, பில்ட்ரூட்டின் அதே பதிப்பு, அது இறக்கிய மூலநிரல் தொகுப்பு, இந்த மூன்றையும் பத்திரப்படுத்தினால் வேலை தெரிந்த பையன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாலும் கருவி அநாதை ஆகாது.

அடுத்தது யாக்டோ. 2010-ல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் அறிவித்த திட்டம்; அதன் வேர் 2003-ல் தொடங்கிய ஓப்பன்எம்பெடட். இதில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் உள்ள கோப்பின் பெயரே 'ரெசிபி'! ஒரே அடிப்படையில் ஐந்து மாடல் விடுகிற கம்பெனிக்கு இது பொருத்தம். ஆனால் முதல் பில்ட் மணிக்கணக்கில் ஓடும், டிஸ்க்கில் 100 ஜிபி இடம் ஒதுக்கி வைக்கணும். ரெண்டு பேர் உட்கார்ந்து வேலை செய்யும் யூனிட்டுக்கு யாக்டோ வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பில்ட்ரூட்டில் ஆரம்பிங்க.

இப்போது ஏன் இந்த அவசரம்? ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. தாக்குதலுக்கு ஆளான ஓட்டைகளைத் தெரிவிக்கும் கடமை 2026 செப்டம்பர் 11 முதல். முழுக் கடமைகளும் 2027 டிசம்பர் 11 முதல். அங்கே விற்கும் கருவியில் என்னென்ன மென்பொருள் இருக்கிறது என்ற பட்டியல் தயாரிப்பாளரிடம் இருக்க வேண்டும். பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு ஓட்டைகளையும் அடைத்துத் தர வேண்டும். "நாங்க ஏற்றுமதி பண்ணலையே" என்று சொல்லாதீங்க. உங்களிடம் வாங்குகிற பெரிய கம்பெனி ஏற்றுமதி செய்தால், கேள்வி உங்கள் ஷெட் வாசலுக்குத்தான் வரும். நம் நாட்டிலும் 2024 அக்டோபரில் செர்ட்-இன் இத்தகைய பட்டியலுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. யாக்டோ இதை பில்ட் செய்யும்போதே தயாரிக்கும். பில்ட்ரூட்டில் 'மேக் லீகல்-இன்ஃபோ' என்று கொடுத்தால் மென்பொருள், பதிப்பு, உரிமம், மூலநிரல் எல்லாம் ஒரே ஃபோல்டரில் வந்து சேரும். இமேஜைக் காப்பி அடித்தவரிடம் காட்ட என்ன இருக்கு?

இலவசம் என்றால் நிபந்தனை இல்லை என்று அர்த்தம் இல்லை. லினக்ஸ் கர்னலின் ஜிபிஎல் உரிமப்படி, கருவியை வாங்கியவருக்கு அந்தப் பகுதிகளின் மூலநிரல் கிடைக்க வழி செய்ய வேண்டும். 2003-ல் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரில் இந்தப் பிரச்சினை கிளம்பி, கடைசியில் மூலநிரல் வெளியானது. அதில் இருந்து பிறந்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. நீங்கள் தனியாக எழுதிய கன்ட்ரோல் புரோகிராமைப் பொதுவாக மூடி வைத்துக்கொள்ளலாம், பயம் வேண்டாம். ஆனால் அதில் இணைத்த லைப்ரரிகளின் உரிமத்தை ஒரு தடவை படிச்சுடுங்க.

இன்னொரு தலைவலி, விற்ற பிறகு அப்டேட் செய்வது. ஊராட்சி பம்ப் ரூமில் மாட்டிய கருவிக்காக ஆவடியில் இருந்து ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எத்தனை தடவை போவார்? ஆர்ஏயூசி, எஸ்டபிள்யூஅப்டேட் போன்ற கருவிகள் சிஸ்டத்தை இரண்டு பிரதியாக வைத்து நடத்த உதவும். ஒன்று ஓடும்போது மற்றதில் புதியதை எழுதலாம். பாதியில் கரண்ட் போனாலும் பழையது எழுந்துவிடும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அண்ணன், அக்கா வாங்கிய அரசு மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் பார்த்திருப்பீர்கள், சென்னை சி-டாக் உருவாக்கியது. சென்னை ஐஐடியின் சக்தி புராசஸரிலும் 2018-லேயே லினக்ஸ் ஓடியது. இது தூரத்து ஊர் வித்தை இல்லை. போர்டு வாங்கப் பணம் வேண்டாம். க்யூஎமு என்ற போலி போர்டுக்கான அமைப்பு பில்ட்ரூட்டிலேயே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

முனைவோர் அடுத்த போர்டு ஆர்டர் போடும் முன் விற்பவரிடம் கேளுங்க: கர்னல், பூட்லோடர் மூலநிரல் தருவீங்களா? எந்தக் கர்னல் பதிப்பு? உங்க போர்டு பில்ட்ரூட்டிலோ யாக்டோவிலோ ஏற்கெனவே இருக்கா? மழுப்பினால் அடுத்த கடைக்குப் போங்க. விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

போர்டைக் கையோடு கொண்டு வந்தவங்க முன்னால் வாங்க. சீரியல் ஒயர் என்னிடம் இருக்கு, உள்ளே என்ன ஓடுதுன்னு இப்பவே பார்த்துடலாம்.