சிறிய வீடு, போதிய வெளிச்சம்



டிசம்பர் பிறந்துவிட்டால் இரவு நேரங்களில் ஆயர் குரோவிலிருந்து குடும்பம் குடும்பமாக உஜோங் பாசிருக்குக் கார்கள் கிளம்பும். போர்த்துகீசியர் குடியிருப்பில் கிறிஸ்துமஸ் விளக்கு பார்ப்பதற்குத்தான். கிறிஸ்தவர்கள் மட்டும் போவதில்லை. தீபாவளி கொண்டாடுகிறவர்களும் சீனப் பெருநாள் கொண்டாடுகிறவர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஜாலான் டி அல்புகெர்க், ஜாலான் தெக்ஸேரா, ஜாலான் எரேடியா என்று பழைய கடலோடிகளின் பெயர் தாங்கிய தெருக்கள் அவை. அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைத்தால் அதுவே ஒரு பெருநாள் பரிசு!

பார்த்துவிட்டு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு வீட்டு வாசலில் கலைமான் நின்றது, இன்னொரு வீட்டில் கிறிஸ்துமஸ் தாத்தா ஏணியில் ஏறினார் என்று வரிசையாகச் சொல்வார்கள். வீடுகள் எவ்வளவு பெரியவை என்று கேட்டால் மட்டும் சற்று யோசிப்பார்கள். ஏனென்றால் வீட்டின் அளவு யார் கண்ணிலும் படுவதில்லை. பெரும்பாலும் சிறிய வீடுகள் அவை.

அந்தக் குடியிருப்பின் கதையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. 1511-இல் அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்த பிறகு இங்கே வேரூன்றிய போர்த்துகீசியர்களின் வழித்தோன்றல்கள், 1641-இல் டச்சுக்காரர்கள் நகரைக் கைப்பற்றிய பின்னும் இங்கேயே தங்கிவிட்டார்கள். பலருக்கு மீன்பிடித் தொழில்தான். சிதறிக் கிடந்த ஏழைக் குடும்பங்களை ஓரிடத்தில் குடியமர்த்த வேண்டும் என்று இரண்டு பாதிரியார்கள் முயன்றார்கள். ஒருவர் பிரெஞ்சுக்காரரான அருட்தந்தை பிரான்சுவா, மற்றவர் அருட்தந்தை கொரோவாடோ. அதன் பலனாக 1930-களில் 28 ஏக்கர் சதுப்பு நிலம் கிடைத்தது. அந்த மக்களின் கிரிஸ்தாங் மொழியில் அதற்குப் 'பாத்ரி சா சாங்' என்று பெயர். பாதிரியாரின் நிலம் என்று பொருள். தொடக்கத்தில் பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாகத்தான் வீடுகள் எழும்பின.

இப்படிப்பட்ட வீட்டின் கூடத்தில் பெரிய மரம் ஒன்றை நட்டு வைத்தால் மனிதர்கள் எங்கே உட்காருவது? விளக்கெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. வேலியில், ஜன்னல் விளிம்பில், கூரை ஓரத்தில், பூந்தொட்டியில் என்று வெளிப்புறம் முழுவதும் ஒளி. வீட்டுக்குள்ளே கரி டெபால் மணக்க, சுஜி கேக் தட்டோடு உறவினர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக்குள் இடம் குறைவாக இருப்பதால் தெருவே அந்த மக்களின் பெருநாள் கூடமாகிவிடுகிறது. விளக்கைப் படம் பிடிக்கிறவர்களில் வாசலில் நிற்கும் வீட்டுக்காரருக்கு 'போங் நத்தால்' என்று ஒரு வாழ்த்துச் சொல்கிறவர்கள் குறைவு. இது ஒரு குறைதான். அடுத்த முறை போகிறவர்கள் அந்த இரண்டு சொற்களைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துக் கூட்டிப் போகலாம்.

சரி, விளக்கு பார்த்து வீடு திரும்பிய பிறகு என்ன நடக்கிறது? மறுநாளே பிள்ளைகள் அடம் பிடிக்கிறார்கள். பாசார் மாலாமிலும் பேரங்காடியிலும் ஆளுயரப் பிளாஸ்டிக் மரம், பஞ்சுப் பனி, அட்டையில் செய்த கணப்பு அடுப்பு எல்லாம் கிடைக்கின்றன. பெட்டியின் மேல் ஒரு படம் இருக்கும். பனி மூடிய கூரை, புகைபோக்கி, ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி காலத்துக் கிராமத்து வீடு அது. மலாக்காவில் மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போது அதன் கீழே பஞ்சுப் பனியும் கணப்பு அடுப்பும்! பஞ்சு பறந்து சோற்றுத் தட்டில் விழுவதுதான் மிச்சம்.

ஆனால் அந்தப் படத்தில் உள்ள வீட்டை நையாண்டி செய்து ஒதுக்கிவிடவும் வேண்டாம். அதன் உண்மைக் கதை பெட்டியில் அச்சிட்ட படத்தைவிட நன்றாக இருக்கிறது. விக்டோரியா மகாராணியும் ஜெர்மானியரான அவருடைய கணவர் ஆல்பர்ட்டும் பிள்ளைகளோடு கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் ஒன்று 1848-இல் லண்டன் பத்திரிகையில் வெளிவந்தது. அதற்குப் பிறகுதான் அந்த வழக்கம் அந்நாட்டு வீடுகளில் வேகமாகப் பரவியது. அந்தப் படத்தில் மரம் எங்கே நிற்கிறது தெரியுமா? ஒரு மேசையின் மேல். அரண்மனையிலேயே மேசை மரம்தான்!

சாதாரணக் குடும்பங்களில் செலவு இன்னும் குறைவு. வேலியோரத்தில் வெட்டிய பச்சைத் தழை, கையால் ஒட்டிய காகிதச் சங்கிலி ஆகியவைதான் அலங்காரம். மரத்தில் மின்விளக்கு எரிந்தது 1882-இல், அதுவும் நியூயார்க்கில். அதுவரை கிளைகளில் மெழுகுவர்த்திதான். காய்ந்த கிளையில் தீப்பிடித்துவிடும் என்ற பயத்தில் பக்கத்தில் வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு சிறிது நேரம் ஏற்றுவார்கள், எல்லாரும் கூடி நின்று பார்ப்பார்கள், பிறகு அணைத்துவிடுவார்கள். அந்த வீடுகளுக்கு அழகு கொடுத்தது இந்தச் சிக்கனமும் கூடி நின்ற மனிதர்களும்தான். இது தெரியாமல் பனியை மட்டும் வாங்கி வந்தால் என்ன பயன்?

மலாக்காத் தோட்டங்களில் லயன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. ரப்பர் தோட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கடை மரம் ஏது? சவுக்குக் கிளை ஒன்றை வெட்டி வந்து, மைலோ டின்னில் மணலை நிரப்பி நட்டுவிட்டால் அதுதான் கிறிஸ்துமஸ் மரம். மூங்கிலைச் சிம்பாகச் சீவி, ஐந்து முனை கட்டி, வண்ணத்தாள் ஒட்டினால் நட்சத்திரம். குடிலுக்கு வைக்கோல் வேண்டும். நெல் விளையாத தோட்டத்தில் வைக்கோலுக்கு எங்கே போவது? காய்ந்த லாலாங் புல் அந்த வேலையைச் செய்தது. சில வாரங்களுக்கு முன்பே தட்டில் மண் பரப்பிப் பச்சைப்பயறோ கேழ்வரகோ தூவி வைப்பார்கள். பெருநாளுக்குள் பச்சைப் பசேலென்று முளைத்து, ஆட்டுக்குட்டி பொம்மைகளுக்கு மேய்ச்சல் நிலமாகிவிடும். பல தோட்டங்களில் ஜெனரேட்டர் மின்சாரம் இரவில் குறிப்பிட்ட நேரத்தோடு நின்றுபோகும். அதன் பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். அந்த மங்கலான ஒளியில் பார்த்த குடிலை அன்றைய பிள்ளைகள் வயதான பிறகும் மறப்பதில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிக்கும் வந்து சேர்ந்தன. இப்போது 650 சதுர அடிக்குள் அடங்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் ஒரு சோபா, ஒரு தொலைக்காட்சி, சுவரோரம் பள்ளிப் பைகள். இங்கே பெருநாளை எப்படிக் குடியேற்றுவது?

முதலில் கூரையைப் பாருங்கள். நடுவில் வெள்ளைக் குழல் விளக்கு எரிகிறது. அது எரியும்வரை கீழே எத்தனை சிறிய விளக்கு போட்டாலும் எடுபடாது. பெருநாள் இரவில் அதை அணைத்துவிட்டு, மூலையில் ஒரு மேசை விளக்கும் ஒரே ஒரு விளக்குச் சரமும் போட்டால் போதும். 'ஏன்டா தம்பி, கரண்டு போச்சா?' என்று பாட்டி கேட்கத்தான் செய்வார். 'இல்ல பாட்டி, இங்க வந்து உக்காந்து பாருங்க' என்று குடிலுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டுக் கொடுங்கள். சற்று நேரத்தில் அவரே மூங்கில் நட்சத்திரக் கதையை ஆரம்பித்துவிடுவார். விளக்குச் சரம் வாங்கும்போது பெட்டியில் 'வார்ம் ஒயிட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் சாயல் கொண்ட ஒளி அது. நீலமும் பச்சையும் மாறி மாறி மின்னுவது தெருவுக்குச் சரி; சிறிய கூடத்தில் கண் வலிதான் வரும்.

அடுத்து, அலங்காரத்துக்கு ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து மற்றச் சுவர்களை விட்டுவிடுங்கள். குடிலும் மரமும் ஒரே மேசையில் இருக்கட்டும். இரண்டடி மரம் போதும். மேசைக்கு அடியில் பரிசுப் பொருள்கள், பக்கத்தில் தென்னங்குருத்தில் முடைந்த நட்சத்திரங்கள். குருத்தோலை ஞாயிறன்று சிலுவை முடையத் தெரிந்த கைக்கு நட்சத்திரம் ஒரு வேலையே இல்லை. மிச்ச விளக்கு இருந்தால் வாசல் இரும்புக் கதவுப் பக்கம் போகட்டும். அது அண்டை வீட்டாருக்கும் சேர்த்துத்தான்.

இனிமேல் சொல்வதைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். இரண்டு ஊசி பிளக்கை மூன்று துளைச் சாக்கெட்டில் பேனா மூடியால் நெம்பித் திணிக்கிற பழக்கம் நம் வீடுகளில் சர்வசாதாரணம். இது பெரிய ஆபத்து. சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு மூடியை நெம்பித் திறந்து, பொருந்தாத பிளக்கைச் செருகுகிறோம். பிடிப்புத் தளர்ந்த இடத்தில் சூடு ஏறும், பிறகு உருகும். அதோடு ஒரே நீட்டிப்புக் கம்பியில் விசிறி, தொலைக்காட்சி, சோற்றுப் பானை, நாலு விளக்குச் சரம் எல்லாம் தொங்கும். ஜன்னல் திரையும் பிளாஸ்டிக் மரமும் பக்கத்திலேயே இருக்கும். சுவரோடு சுவர் ஒட்டிய தாமான் வீடுகளில் ஒரு வீட்டில் பிடிக்கிற தீ ஒரு வீட்டோடு நிற்காது.

விளக்குச் சரத்திலும் பிளக்கிலும் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சில ரிங்கிட் கூடுதலாக ஆகலாம், ஆகட்டும். பழைய வகைக் குமிழ்ச் சரம் 100 விளக்குக்கு ஏறக்குறைய 40 வாட் மின்சாரம் இழுத்துச் சூடாகும். எல்.இ.டி. சரத்துக்கு அதில் ஒரு சிறு பங்கு போதும், சூடும் குறைவு. வீட்டுக்குள் போட வேண்டிய சரத்தை மழை படும் இடத்தில் கட்டக் கூடாது. டிசம்பர் சாயங்கால மழை யாருக்கும் தெரியாததா? படுக்கப் போகும்போதும் திருப்பலிக்குக் கிளம்பும்போதும் சுவிட்சை அணைப்பது ஒருவருடைய பொறுப்பாக இருக்கட்டும். எல்லாருடைய பொறுப்பு என்று விட்டால் யாரும் அணைக்க மாட்டார்கள். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் அந்தப் பதவியை அவனிடம் கொடுத்துப் பாருங்கள், அதிகாரி போல் நடந்துகொள்வான்! கம்பி நடைபாதையின் குறுக்கே போகாமல் சுவரோரமாகப் போகட்டும். மங்கிய வெளிச்சத்தில் முதலில் தடுக்கி விழுகிறவர்கள் வயதானவர்கள்தான்.

குளிர் நாட்டில் வீட்டுக்குக் கதகதப்பு வேண்டும். ஆயர் குரோவில் கதகதப்புக்குப் பஞ்சமில்லை, ஜன்னலைத் திறந்தால் போதும். இங்கே யோசிக்க வேண்டியது நாற்காலியைப் பற்றித்தான். திறந்த இல்ல உபசரிப்புக்கு வருகிறவர் எங்கே உட்காருவார், தட்டை எங்கே வைப்பார், கைக்குழந்தைக்காரிக்குச் சுவரில் சாய இடம் உண்டா என்று அலங்காரத்துக்கு முன்பே ஒரு முறை கூடத்தில் உட்கார்ந்து பாருங்கள். மரத்துக்காகச் சோபாவை அறைக்குள் தள்ளிவிட்டு விருந்தாளியை நிற்க வைக்கிற வீடுகள் உண்டு. அக்கம்பக்கத்து வீடுகளில் பிளாஸ்டிக் நாற்காலி இரவல் கேட்பதில் வெட்கமே வேண்டாம். தீபாவளிக்கு அவர்கள் உங்களிடம் கேட்டிருப்பார்கள்.

மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை குடில் இருக்கலாம். பிறகு எடுத்து வைக்கும்போது விளக்குச் சரத்தைப் பந்தாகச் சுருட்டிப் பெட்டியில் போடாதீர்கள். உள்ளே கம்பி முறியும். ஒரு அட்டைத் துண்டில் சுற்றி, எந்த ஆண்டு வாங்கியது என்று எழுதி வையுங்கள். அடுத்த டிசம்பரில் எடுக்கும்போது உறை வெடித்திருந்தாலோ பிளக் கருகியிருந்தாலோ யோசிக்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள். குருத்தோலை நட்சத்திரம் எப்படியும் காய்ந்திருக்கும். அதைப் புதிதாக முடையலாம்.