தானே சுழன்ற துப்பாக்கி

ஒலுவில் துறைமுகத்தின் வாயிலை மணல் அடைத்த செய்தியை அறியாதார் கிழக்குக் கரையிலே இலர். 2013ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட துறைமுகம் அது. ஆயினும், கடல் கொணர்ந்த மணல் வாயிலிலே குவிந்தது. மீனவரின் படகுகள் போக்குவரவின்றித் தவித்தன. அறிவு வகுத்த திட்டத்தை மணலும் சேறும் வென்றுவிடுதல் புதிதன்று. நூறாண்டுகளுக்கு முன்னர் விந்தையானதொரு கைத்துப்பாக்கிக்கும் இக்கதியே நேர்ந்தது.

அதனை ஆக்கியவர் ஜோர்ஜ் வின்சன்ற் பொஸ்பெரி என்பார். இந்தியாவிலே வங்காளப் படையிற் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி. 1863ஆம் ஆண்டு வடமேற்கு எல்லைப்புறத்து அம்பேலாப் போரிலே, பகைவர் கைப்பற்றிய பாறைக் காவலரணை மீட்கச் சென்றவர்களை முன்னின்று நடத்தி, விக்ரோறியாச் சிலுவை பெற்றவர். ஓய்வு பெற்றபின் துப்பாக்கி நுட்பத்திலே மனஞ் செலுத்தினார்.

அக்காலத்துச் சுழல் துப்பாக்கியிலே, தோட்டாக்களைத் தாங்கிய உருளையைத் திருப்புவதும் சுத்தியலை உயர்த்துவதும் விரலின் வேலை. விரைந்து சுடுங்கால் விசையை வலிந்து இழுக்க நேரும்; குறி பிசகும். ஆனால், ஒவ்வொரு வெடியும் கையைப் பின்னோக்கி உதைக்கின்றதே! வீணாகும் அவ்வுதைப்பை வேலை வாங்கலாகாதா? இதுவே பொஸ்பெரியின் வினா. அதன் விடைக்கு 1895ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றார். பேமிங்காம் நகரத்து வெப்லி நிறுவனம் அதனைச் செய்து விற்றது.

அதன் அமைப்பு எளிது. துப்பாக்கி இரு பகுதிகளாயிற்று. கைப்பிடியுள்ள கீழ்ப்பகுதி அசையாது நிற்கும். குழலும் உருளையும் கொண்ட மேற்பகுதி அதன்மேல் வழுக்கி ஓடும். உருளையின் புறத்தே, பாம்பு நெளிந்தாற்போன்ற பள்ளக்கோடு வெட்டப்பட்டிருந்தது. கீழ்ப்பகுதியிலிருந்து எழுந்த சிறு முளையொன்று அக்கோட்டினுள்ளே பொருந்தி நின்றது. வெடித்ததும் மேற்பகுதி பின்னோடும். முளை பள்ளத்தை உந்த, உருளை பாதி திரும்பும். சுத்தியலும் உயர்ந்து நிற்கும். பின்னர் சுருள்வில் மேற்பகுதியை முன்னே தள்ள, மறுபாதியும் திரும்பும். அடுத்த தோட்டா ஆயத்தம்! மெல்ல விசையைத் தொட்டாற் போதும். ஆறு தோட்டாக்களையும் இவ்வாறே சுடலாம். குறிபார்த்துச் சுடும் மைதானங்களிலே இது பெரும் புகழ் பெற்றது.

1914ஆம் ஆண்டிலே முதல் உலகப் போர் மூண்டது. படைத்தலைமை இதனை முறைப்படி ஏற்கவில்லையெனினும், அதிகாரிகள் சிலர் தம் பணங்கொடுத்து வாங்கிச் சென்றனர். பதுங்குகுழிகளிலே முழங்காலளவு சேறு. துப்பாக்கிக்கு உயிராயிருந்த பள்ளங்கள் வெளியே திறந்து கிடந்தமையால், சேறு அவற்றினுள்ளே புகுந்து ஓட்டத்தைத் தடுத்தது. மற்றுமொரு குறை: பிடித்த கை தளர்ந்தால் மேற்பகுதி முழுத்தூரம் ஓடாது, உருளையும் முழுதாய்த் திரும்பாது. காயமுற்ற கைக்கும் நடுங்கும் கைக்கும் அது உதவுமா? பகைவன் எதிர்நிற்கையில் பொறி நின்றுவிட்டால், போவது ஓருயிரன்றோ! விரலை வருத்திய பழைய வகைச் சுழல் துப்பாக்கியோ சேற்றைப் பொறுத்தது, படையிலும் நிலைத்தது.

பொஸ்பெரியின் கருத்திலே பிழையில்லை. உதைப்பைக் கொண்டே இயங்கும் துப்பாக்கிகள் பின்னர் உலகெங்கும் பரவின. பிழை, பொறி பழகிய இடத்துக்கும் அது போய்ச்சேர்ந்த இடத்துக்கும் உள்ள தூரத்திலே இருந்தது. ஆதலின், எதனையும் ஆக்க முனைவோர் பட்டறையிலே கணக்குப் பார்ப்பதோடு நில்லாது, அது வாழப்போகும் இடத்துச் சேற்றையும் மணலையும் முதலிலே கேட்டறிதல் வேண்டும். துறைமுக வாயிலிலே தடுமாறிய ஒலுவில் மீனவருக்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.