ஒரு ஷரத்து



வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதித் தருவது என் தொழில். "சப்ளையரின் தொழிலாளர் பாதுகாப்புக்கு வாங்குபவர் பொறுப்பல்ல" என்று ஒரு ஷரத்து. எத்தனையோ தடவை எழுதியிருக்கேன். கட்சிக்காரரைக் காப்பாத்துறதுதானே வக்கீல் வேலை!

2013 ஏப்ரல் 24. டாக்கா அருகே சவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல் நாளே விரிசல் கண்டு, அங்கிருந்த வங்கிக் கிளையை மூடிவிட்டார்கள். தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் உள்ளே அனுப்பினார்கள். அதைப் படிச்ச ராத்திரி, என் ஷரத்து என்னைத் தூங்க விடலை.

அடுத்த மாதமே தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை செய்தன. 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. ஆலைகளில் சுயேச்சையான சோதனை. தகராறு என்றால் நடுவர் தீர்ப்பு. அதுவும் ஷரத்துகளால் ஆன காகிதம்தானே!

நம் 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. நல்லதுதான். அந்த லாபம் எப்படி வந்ததுன்னும் கேக்கணும்.

இப்போது நான் கேட்கிறேன். அதனால் ஒரு கட்சிக்காரர் எழுந்து போய்விட்டார். போகட்டும். மாணவச் செல்வங்களே, நீங்களும் கேளுங்க.