பங்குக் காசா, சவாரிக் காசா?

நாலு பேர் சேர்ந்து வாடகைக் கார் எடுத்தால், வந்த செலவை நாலாகப் பிரித்துக்கொள்வது எங்கும் உள்ள வழக்கம். சின்ன விமானத்திலும் அப்படிச் செய்யலாமா?

அமெரிக்காவில் செய்யலாம், ஆனால் கணக்கு கறாரானது. தனியார் விமானி உரிமம் வைத்திருக்கும் ஒருவர், நண்பர்கள் மூவரோடு ஒரு செஸ்னா 172-இல் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். விமான வாடகை, எரிபொருள், எஞ்சின் ஆயில், விமான நிலையக் கட்டணம் எல்லாம் சேர்த்து 400 டாலர். விமானி தன் கையிலிருந்து போடும் காசு 100 டாலருக்கு ஒரு டாலர்கூடக் குறையக் கூடாது. இன்சூரன்ஸ், ஆண்டுப் பராமரிப்பு போன்றவற்றை நண்பர்கள் தலையில் கட்டவும் முடியாது.

“எனக்குக் காசே வேண்டாம், செலவை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றாலும் விதி விடாது. பறந்த நேரம் விமானியின் பதிவேட்டில் ஏறுகிறதே, அதுவும் ஊதியம்தான் என்கிறது அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. போகிற ஊரில் விமானிக்கும் சொந்த வேலை இருக்க வேண்டும். அடுத்தவரை இறக்கிவிடுவதற்காகவே பறந்தால் அது சவாரி.

ஃப்ளைட்நவ் என்ற நிறுவனம், விமானிகள் தங்கள் பயணத்தை இணையத்தில் அறிவித்து ஆள் சேர்க்க வழி செய்தது. ஊரறிய அழைத்தால் அது பொதுப் போக்குவரத்து என்று 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ அதே அறிவிப்புக்குத் தடையில்லை. விமானியோடு சேர்த்து ஆறு பேர் வரை போகலாம். விமானியும் பங்கு போட வேண்டும், லாபம் கூடாது.

இத்தனை கெடுபிடி எதற்கு? வணிக விமானிக்குக் கூடுதல் பயிற்சி, அவர் ஓட்டும் விமானத்துக்குக் கூடுதல் சோதனை. காசு கொடுத்து ஏறுகிறவர் இவற்றை நம்பித்தான் ஏறுகிறார். 2019 ஜனவரி 21 இரவு, அர்ஜென்டினா கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பிரான்சின் நான்ட் நகரிலிருந்து கார்டிஃபுக்கு ஒற்றை எஞ்சின் பைப்பர் மாலிபுவில் பறந்தார். அது செலவுப் பங்கீடே அல்ல. விமானிக்குக் கூலி பேசியிருந்தார்கள். அவரிடம் இருந்ததோ தனியார் உரிமம் மட்டுமே. இரவில் பறக்கவும் தகுதி இல்லை. விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது.

பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 2021-இல் 18 மாதச் சிறை. சாலாவின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு அபாய அளவில் கலந்திருந்தது. அந்த வாயு கசிந்தால் ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவி விமானத்தில் இல்லை. இருக்க வேண்டும் என்று அப்போது விதியும் இல்லை.