ஒளியால் எழுதிய அகமும் புறமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கவிதையைப் பற்றியே பேசிப் பழகிய இம்மேடையில், அன்றாட ஒளிப்படங்களைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறேன். தமிழ்த்துறையினருக்கும் கேமராவுக்கும் என்ன உறவு என்று நண்பர் ஒருவர் வினவினார். உறவு உண்டு, அதுவும் நெருங்கிய உறவு என்பதே இவ்வுரையின் கருத்து. நான் கூறுவது கண்காட்சிகளில் பரிசு பெறும் படங்களை அன்று. அடுப்படியில், திண்ணையில், பேருந்து நிறுத்தத்தில், கல்லூரி மரநிழலில் நம்மைப் போன்றவர்கள் நாள்தோறும் எடுக்கும் எளிய படங்களையே குறிக்கிறேன். அவற்றில் படைப்பாற்றலுக்கு இடம் உண்டா? அவை நினைவைக் காக்கின்றனவா? இவ்விரு வினாக்களையும் உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் சொல்லை நோக்குவோம். ஒரே பொருளுக்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. மக்கள் வழக்கில் அது புகைப்படம். சிலர் எழுத்தில் நிழற்படம். இன்னும் சிலருக்கு ஒளிப்படம். புகை, நிழல், ஒளி ஆகிய மூன்றும் கையில் பிடிபடாதவை என்பது நோக்கத்தக்கது. ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அறிவியலறிஞர் 1839-இல் இக்கலைக்குக் கிரேக்க வேர்களிலிருந்து வழங்கிய பெயரின் பொருள் 'ஒளியால் எழுதுதல்' என்பதாகும். நமக்கு இவ்வெண்ணம் புதிதன்று. பழந்தமிழில் 'எழுதுதல்' என்னும் வினை ஓவியம் தீட்டுதலையும் குறித்தது. திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைப் பரிபாடல் எழுத்து என்னும் சொல்லாலேயே சுட்டுகிறது. எழுத்தும் ஓவியமும் ஒரே வினையில் பிறந்த மொழிக்கு, ஒளியால் எழுதும் கலை அயலாகாது.

இக்கலையின் தொடக்கமே ஒரு வீட்டுச் சன்னல்தான். பிரான்சு நாட்டு நியெப்ஸ் 1826-27 காலத்தில் தம் வீட்டு மேல்மாடிச் சன்னலிலிருந்து தெரிந்த கூரைகளையும் மரத்தையும் உலோகத் தகட்டில் பதிவு செய்தார். இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய ஒளிப்படம் அதுவே. இங்கிலாந்தின் டால்பட் 1835-இல் எடுத்த புகழ்பெற்ற நெகட்டிவும் தம் இல்லத்துச் சன்னலையே காட்டுகிறது. பல மணி நேரம் அசையாதிருக்கும் பொருளே அன்றைய கருவிக்குத் தேவைப்பட்டது என்பது இதற்கொரு காரணம். எனினும், வீட்டில் கண்ணெதிரே இருந்த எளிய பொருளே இக்கலைக்கு முதற்பாடம் ஆயிற்று என்பதை நாம் மறத்தல் கூடாது.

தமிழகத்திற்கு வந்தபோது இக்கலை வீட்டைவிட்டுக் கோயிலுக்குச் சென்றது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீள்படமாக ஒட்டவைத்த உழைப்பு வியப்புக்குரியது. ஆனால் அவர் படங்களில் கோபுரங்கள் நிற்கின்றன. மனிதர்களைக் காண்பது அரிது. பின்னர் ஸ்டுடியோக்கள் தோன்றின. வண்ணத்திரை, சாய்வு நாற்காலி, பூச்சாடி, அசையாத முகம் என மனிதர்கள் படத்திற்குள் நுழைந்தனர். 1888-இல் ஈஸ்ட்மனின் கோடாக் கருவி 100 படங்களுக்கான சுருளோடு வந்தது. 1900-இல் அந்நிறுவனத்தின் பிரௌனி ஒரு டாலருக்கு விற்றது. படமெடுத்தல் தொழிலாளர் கையிலிருந்து இல்லத்தார் கைக்கு மாறியது அப்போதுதான். கைப்பேசி அம்மாற்றத்தை முழுமையாக்கியிருக்கிறது.

இனிப் படைப்பாற்றல் பற்றிய வினாவுக்கு வருகிறேன். பொத்தானை அழுத்துவதில் என்ன படைப்பு இருக்கிறது என்பர். எழுதுகோலை நகர்த்துவதில் மட்டும் என்ன இருக்கிறது? படைப்பு, தேர்வில் இருக்கிறது. தொல்காப்பியம் அகப்பாடலுக்கு முதல், கரு, உரி என மூன்று பொருள்களை வகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள்; அந்நிலத்து உயிர்களும் உணவும் தொழிலும் கருப்பொருள்; மாந்தரின் உள்ளவொழுக்கம் உரிப்பொருள். எந்தப் படமும் முதலையும் கருவையும் தானாகவே பெற்றுவிடுகிறது. இடம் இருக்கும், வெளிச்சம் இருக்கும், பொருள்கள் இருக்கும். உரிப்பொருள் மட்டும் தானாக வருவதில்லை. எங்கே நிற்பது, எப்பொழுதின் ஒளியைக் கொள்வது, எதைச் சட்டத்திற்கு வெளியே விடுவது, எக்கணம் வரை காத்திருப்பது ஆகிய நான்கு தேர்வுகளால் அதனை எடுப்பவரே கொண்டுவர வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. முதுகலை மாணவியரிடம் வீட்டில் உழைக்கும் ஒருவரைப் படமெடுத்து வருமாறு கூறினேன். பெரும்பாலோர் முகங்களைக் கொண்டுவந்தனர். படத்திற்கெனச் சிரித்த முகங்கள். ஒருத்தி மட்டும் தன் பாட்டியின் மடியிலிருந்த முறத்தையும், அதில் பீடி சுற்றும் இரு கைகளையும் எடுத்திருந்தாள். வாசல்வழி வந்த மாலை வெயில் விரல் நுனிகளில் மட்டும் விழுந்திருந்தது. முகம் இல்லை. ஆயினும் வகுப்பிலிருந்த அனைவரும் அந்தப் பாட்டியைப் பற்றியே கேட்டனர். அகப்பாடல் தலைவியின் பெயரைச் சொல்லாது. சொல்லாமையாலேயே அவள் நம் ஒவ்வொருவருக்கும் உரியவளாகிறாள். அம்மாணவி அகமரபை அறிந்து அப்படத்தை எடுத்தாள் என்று கூற மாட்டேன். நல்ல கண், மரபு சென்ற வழியில் தானே சென்று சேர்கிறது.

எழுத்தும் ஒளிப்படமும் ஒருவரிடத்தில் கூடிய சான்றும் நமக்கு உண்டு. 'குமரிமலர்' இதழை நடத்திய ஏ.கே. செட்டியார் வெளிநாடு சென்று ஒளிப்படக்கலை பயின்றவர்; காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்தை 1940-இல் தந்தவர். அவருடைய பயண நூல்களின் சிறுசிறு வாக்கியங்களைப் படிக்கும்போது, தேவையற்றதைச் சட்டத்திற்கு வெளியே விடக் கற்ற கண் ஒன்று அங்கே இயங்குவதை உணரலாம்.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். படமெடுக்கும் பழக்கம் நினைவைக் காப்பதில்லை, கெடுக்கிறது என்பர். இம்மறுப்பைப் புறந்தள்ள இயலாது. லிண்டா ஹென்கெல் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதனை ஆராய்ந்தது. அருங்காட்சியகத்தில் பொருள்களை வெறுமே பார்த்தவர்களைவிட, அவற்றை முழுமையாகப் படமெடுத்தவர்கள் குறைவாகவே நினைவுகூர்ந்தனர். ஆனால் பொருளின் ஒரு பகுதியை நெருங்கிப் படமெடுத்தவர்களிடம் இக்குறை காணப்படவில்லை. கருவியிடம் ஒப்படைத்துவிட்டு நகர்ந்தால் நினைவு தளர்கிறது. நெருங்கி நோக்கினால் நிலைக்கிறது என்று இதனைப் பொருள்கொள்ளலாம். பீடி சுற்றும் விரல்களை எடுத்த மாணவி அவற்றை மறக்க மாட்டாள்.

இனி நினைவைப் பற்றி. எங்கள் வீட்டில் தந்தையார் 120 பிலிம் சுருள் இடும் சிறு கருவி வைத்திருந்தார். ஒரு சுருளுக்கு 12 படங்கள். செலவு கருதி விசேட நாள்களுக்கு மட்டுமே அது வெளிவரும். நான்கு ஆல்பங்கள் சேர்ந்தன. அவற்றில் அம்மா இடம்பெற்றவை ஒன்பது படங்கள். ஒன்பதிலும் பட்டுப்புடவை, ஒன்பதிலும் கூட்டத்தின் ஓரம். அம்மா மறைந்தபோது மாலையிட ஒரு படம் தேடினோம். உறவினர் திருமணத்தில் எடுத்த கூட்டுப்படத்திலிருந்து முகத்தை மட்டும் பிரித்துப் பெரிதாக்கினார்கள். அருகில் நின்ற சித்தியின் தோள்மீது நீலவண்ணம் பூசப்பட்டது. அப்படம் இன்றும் கூடத்தில் இருக்கிறது. ஆனால் முப்பது ஆண்டுகள் அவர் நின்ற அடுப்படியில், அரிவாள்மணை முன்னே, பால் பொங்குவதைக் கவனித்தபடி முந்தானையால் நெற்றியைத் துடைக்கும் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. நான் நினைவில் காணும் அம்மா அவர்தான். சுவரில் இருப்பவர் வேறொருவர்.

இஃது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அன்று. வாக்காளர் ஒளிப்பட அடையாள அட்டைத் திட்டம் 1993-இல் அறிவிக்கப்பட்டு ஊர்தோறும் வந்தபோதுதான் வாழ்வில் முதன்முறையாகக் கருவியின்முன் அமர்ந்த மூதாட்டியர் எங்கள் ஊரில் உண்டு. அந்த அட்டைப் படமே பின்னர் பெரிதாக்கப்பட்டுச் சுவரில் மாலை ஏற்றது. எதைப் படமெடுக்கலாம் என்று ஒரு சமூகம் கருதுகிறதோ, அதுவே அதன் நினைவாக எஞ்சுகிறது. விழா எஞ்சியது, வேலை எஞ்சவில்லை. மணமேடை எஞ்சியது, பந்திக்குப் பின்னே பாத்திரம் துலக்கியவர் எஞ்சவில்லை. அன்றாடத்தைப் படமெடுத்தல் பொழுதுபோக்கு அன்று, நீதி சார்ந்த செயல் என்று நான் கூறுவது இதனால்தான்.

ஆனால் எடுத்தால் மட்டும் போதுமா? நடுகல் நிறுவுதலைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகக் கூறுகிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. தக்க கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அது முதற்படி மட்டுமே. கண்ட கல்லைக் கொண்டுவந்து, நீராட்டி, பெயரும் செயலும் பொறித்து நட்டு, படையலிட்டு, வாழ்த்தினால்தான் வீரன் நினைவில் நிற்பான். இன்று நாமோ காட்சியோடு நின்றுவிடுகிறோம். கைப்பேசியில் ஆயிரக்கணக்கான கற்கள் குவிந்து கிடக்கின்றன, நடப்பட்டது ஒன்றுமில்லை.

பெயர் பொறித்தலின் இன்றியமையாமையைப் புறநானூறு நமக்குக் கற்பிக்கிறது. பாடல்தோறும் பாடியவர், பாடப்பட்டவர், திணை, துறை எனும் குறிப்புகளை யாரோ சிலர் எழுதிவைத்தனர். அக்குறிப்புகள் இல்லாவிடின் பல பாடல்கள் எம்மன்னனைப் பற்றியவை என்று அறிய வழியிராது. உ.வே. சாமிநாதையர் 1894-இல் அந்நூலைப் பதிப்பித்தபோது, சுவடிகளில் சிதைந்தவை சிதைந்தவையாகவே எஞ்சின. 267, 268 ஆம் பாடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. நம் வீட்டுப் படங்களின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். 'இவர் யார்?' என்று கேட்டால் சொல்லக்கூடிய ஒரே ஒரு முதியவர் மறைந்ததும், அப்படம் குறிப்பிழந்த பாடலாகிவிடும்.

இழப்பின் வேறு வழிகளையும் நாம் கண்டிருக்கிறோம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் எத்தனையோ வீடுகளின் ஆல்பங்களைச் சேற்றில் கரைத்தது. 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே இரவில் வெளியேறிய மக்களுள் எத்தனை குடும்பங்கள் சுவர்ப்படங்களைச் சுவரிலேயே விட்டுச் சென்றிருக்கும்! மறுபுறம், காக்கும் முயற்சிகளும் நடைபெற்றிருக்கின்றன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் திட்டம் ஒன்றின் துணையுடன், தமிழகத்தின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிக் கண்டு மின்னாக்கம் செய்தது. இலக்கியத் துறையிலும் ஒரு முன்னோடி உண்டு. பாரதியாரின் படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றைத் தேடித் திரட்டிச் செய்திகளோடு 'சித்திர பாரதி'யாக 1957-இல் ரா.அ. பத்மநாபன் தந்திராவிட்டால், அக்கவிஞரை நாம் காணும் விதமே வேறாக இருந்திருக்கும்.

இறுதியாக நம் வட்டத்திற்கு வருகிறேன். இம்மலருக்காகப் பத்தாண்டுப் படங்களைத் திரட்டியபோது நானும் உடனிருந்தேன். பொன்னாடை போர்த்தும் படங்கள் ஏராளம். குத்துவிளக்கு ஏற்றும் படங்கள் ஏராளம். ஆனால் நம் வட்டம் உண்மையில் வாழ்ந்தது அங்கே அன்று. திருத்தல்கள் நிறைந்த தாளை நடுங்கும் கையில் ஏந்தித் தம் முதற்கவிதையைப் படித்த இளைஞர், கூட்டம் முடிந்து வாசற்படியில் ஒரு சொல்லுக்காக நடந்த வாதம், நாற்காலிகளை விரித்தும் மடித்தும் வைத்தவர்கள், தேநீர் ஊற்றித் தந்துவிட்டுக் கடைசி வரிசையில் நின்றே கவிதை கேட்ட அம்மையார், இவற்றுக்கெல்லாம் படமில்லை. அந்த அம்மையாரின் பெயரைக் கேட்டபோது எங்களுள் இருவருக்கே தெரிந்திருந்தது.

ஆகவே உங்கள்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, ஒவ்வொரு கூட்டத்திலும் மேடையை எடுத்தபின் திரும்பி அவையையும் எடுங்கள். ஓராண்டின் படங்களிலிருந்து பன்னிரண்டை மட்டும் தேர்ந்து அச்சிடுங்கள். தேர்வுதான் படைப்பு என்றேன். குறைத்தலும் அதன் பகுதியே. இரண்டாவது, ஒவ்வொன்றின் பின்னும் மென்பென்சிலால் இடம், நாள், பெயர்கள் எழுதுங்கள். பசைத்தாள் ஆல்பங்களைத் தவிர்த்து, ஈரம் புகாத இடத்தில் ஒரு படியும் வேறொருவர் இல்லத்தில் மற்றொரு படியும் வையுங்கள். மூன்றாவது, கவிஞர்களுக்கு. ஒவ்வொரு படத்தோடும் ஐந்து வரிகள் எழுதிச் சேருங்கள். படம் ஒரு கணத்தை நிறுத்தும். அக்கணத்திற்கு முன்னும் பின்னும் நடந்ததைச் சொல்லே சொல்லவல்லது. வண்ணம் மங்கினாலும் அவ்வரிகள் மங்கா.

அந்த ஏட்டின் முதற்பக்கத்தில் தேநீர் தரும் அம்மையாரின் படம் இருக்கட்டும். அவர் இசைவு பெற்று, அவர் பெயரோடு இருக்கட்டும். அதனை எடுக்கும் பொறுப்பை அடுத்த கூட்டத்தில் நான் ஏற்கிறேன்.